சொல்லாமல் விட்ட வாக்கியம்

ஜூன் 18, புதன்

காலையில் கண் டாக்டர். இடது கண்ணில் புரை இன்னும் முற்றவில்லையாம், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். வரும் வழியில் சீனியவரைக்காய் வாங்கினேன். சாரல் காற்று ஆரம்பித்துவிட்டது. வீடெல்லாம் மண்.

சாயங்காலம் பிரஸ்ஸிலிருந்து நேராக முஃபீதா வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கை பேச ஆரம்பித்துவிட்டது. "பைய, பைய" என்று நான் சைகை காட்ட வேண்டியதாயிற்று.

ஒருவன். பெயர் ஷமீம். ஏரலில் மோட்டார் காயில் கட்டும் கடை. பில் புத்தகம் அச்சடிக்க வந்தானாம். மறுநாள் பிழை பார்க்க வந்தான். அதற்கு மறுநாள் ஒரு வேலையும் இல்லாமல் வந்தான். அவனுக்குச் சைகைப் பெயர்கூட வைத்துவிட்டாள் — மணிக்கட்டில் இரண்டு விரலால் ஒரு கோடு. அங்கே சூடுபட்ட தழும்பு இருக்கிறதாம்.

எனக்குப் பெயர் வைக்க அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. நாலு வயதில் இவள் உம்மா ரைஹானத் இவளை என் வகுப்பில் கொண்டுவந்து விட்டபோது, தனக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. காது கேட்காத பிள்ளைக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? ஐந்து வயதில் ஒருநாள் என்னைப் பார்த்துத் தன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். என் மச்சம். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"மூணு வாரம். கல்யாணம் செய்துக்கப் போறேன்."

சந்தோஷம் என்று என் கை சொன்னது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பாஷையில் முகமும் பேச்சுதான். அது என்ன சொல்லிற்றோ.

ஜூன் 19, வியாழன்

மூன்று வாரம். ஒரு ரவிக்கை தைக்க டெய்லர் நாலு வாரம் கேட்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

அன்னத்தாய் நினைப்பாகவே இருக்கிறது. முஃபீதாவுக்கு ஆறு வகுப்பு மூத்தவள், சீவலப்பேரிக்காரி. காது கேட்கும் மாப்பிள்ளை தானாகக் கேட்டு வந்தான் என்று ஊரே மெச்சியது. நானும் போய் அட்சதை போட்டேன். ஒன்றரை வருஷம் ஒரு சைகைகூடக் கற்றுக்கொள்ளாமல் அவளைச் சமைக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டான். "எதிர்த்துப் பேசாத பொண்டாட்டி" என்று சேக்காளிகளிடம் சொல்லிச் சிரிப்பானாம். கைப்பிள்ளையோடு திரும்பி வந்தாள். என் முன்னால் உட்கார்ந்து கையை மடியில் வைத்தபடியே இருந்தாள். பேசவே இல்லை.

இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "குருபிரசாத் நாலு மாசப் பழக்கத்துல புனேக்காரியக் கட்டப்போறேன்னு போன்ல சொன்னான். நீ அன்னைக்குக் கேசரி கிண்டினே," என்றார்.

"அவன் வேற."

"என்ன வேற?"

பதில் வாய்வரைக்கும் வந்தது. நம் பையனுக்குக் காது கேட்கும். இருபத்தொன்பது வருஷம் வகுப்பில் நின்று நான் சொல்லிக்கொடுத்ததற்கு நேர் எதிரான பதில். எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 26, வியாழன்

ஸ்ரீவைகுண்டத்தில் பழைய டீச்சர் ஒருவரைப் பார்க்கப் போவதாக இவரிடம் சொல்லிவிட்டு ஏரல் பஸ் ஏறினேன். இந்த வயதில் பொய்.

கடை ஆற்றுக்குப் போகிற தெருவில் இருக்கிறது. சுவரில், ஆறு ஊருக்குள் வந்த அந்த மார்கழி வெள்ளத்தின் கறை என் தலைக்கு மேலே ஒரு கோடாக நிற்கிறது. வெள்ளையடித்தும் போகவில்லை. அத்தனை மோட்டாரும் முங்கிப்போய், மறுபடி ஒவ்வொன்றாகத் தொடங்கினானாம். குனிந்து செப்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் யாரென்று சொல்லும் முன்பே தன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டான்.

"நீங்கதானே? உட்காருங்க டீச்சர். உங்களைப் பத்திச் சொல்லாத நாள் கிடையாது."

என் பெயர். இந்தப் பெயரைக் காது கேட்கும் ஒருவர் கையில் நான் பார்ப்பது இதுதான் முதல்முறை. மனசு இளகவும் செய்தது, சுருக்கென்றும் இருந்தது.

சைகை எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"போன்ல பார்த்துக் கொஞ்சம். மீதி அவ சொல்லிக்குடுக்கா. இங்கன மோட்டார் ஓடுத சத்தத்துல நாங்களும் பாதி கையாலதான் பேசுதோம். எனக்கு ஒண்ணும் புதுசாத் தெரியல."

"மூணு வாரத்துல அவளைப் பத்தி உனக்கு என்ன தெரிஞ்சுது?"

கம்பியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "அவ என்னயப் பார்க்கும்போது வேற எங்கயும் பார்க்க மாட்டா டீச்சர். மத்தவங்க நாம பேசப் பேச போனத் தடவிக்கிட்டு இருப்பாங்க. அவளுக்கு அது முடியாதுல்லா. நான் சொல்லுததைக் கேக்கணும்னா என்னயப் பார்த்துத்தான் ஆகணும். எங்க உம்மா மௌத்தானதுக்குப் பொறவு என்னய அப்படி யாரும் பார்த்ததில்ல."

இதோடு நான் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஸ்டாப்புக்கு எதிரே டீக்கடையில் ஒரு காப்பி குடித்தேன். கடைக்காரர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். "ஷமீமைப் பார்க்க வந்தீகளா? தங்கமான பையன். ஊமைப்பிள்ளைக்கு வாழ்க்கை குடுக்கான்லா. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

வாழ்க்கை குடுக்கான். என் பிள்ளைக்கு. அவளிடம் அது இல்லாத மாதிரி.

வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் காதில். ஊர் அப்படிச் சொல்கிறது என்றால் அவன் மனசிலும் ஒரு ஓரத்தில் அதுதானே இருக்கும்? இரக்கம் எத்தனை நாளைக்கு இரக்கமாகவே இருக்கும்?

ஜூலை 5, சனி

ரைஹானத் போன். "அடுத்த ஞாயித்துக்கெழம ஏரல்ல இருந்து வாராங்க டீச்சரம்மா. பையனும் அவன் மாமியும். தாய் இல்லாத பிள்ளையாம், மாமிதான் வளத்தது. நீங்க கட்டாயம் வந்திரணும். இவ கை போற வேகம் எனக்குப் பிடிபட மாட்டேங்கு. நீங்க இல்லாம நாங்க என்னத்தப் பேச?"

வருகிறேன் என்றேன். ரைஹானத்துக்கு முப்பது சைகை தெரிந்தால் அதிகம். சோறு, தூக்கம், வா, போ, காய்ச்சல், கடை. அதற்கு மேல் தாய்க்கும் மகளுக்கும் நடந்த பேச்சு எல்லாம் இருபத்தோரு வருஷமாக என் வழியாகத்தான். இது எனக்குப் பெருமையாகவே இருந்திருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மேலப்பாளையம் போய் வந்தேன். தலைவலி. எழுத முடியவில்லை.

ஜூலை 14, திங்கள்

நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஹாலில் பாய் விரித்து, எனக்கு மட்டும் ஒரு நாற்காலி. முஃபீதா எனக்கு எதிரே, என் கை தெரிகிற மாதிரி. முஃபீதாவின் வாப்பா நூர்முகம்மது கதவுப் பக்கம். ஷமீமும் அவன் மாமி ஆபிதா பீவியும் ஜன்னல் ஓரம். முதலில் எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. என்ன படிச்சிருக்கா, என்ன சமைப்பா. அந்தப் பக்கம் கேட்டதை இந்தப் பக்கம் கையில் சொன்னேன், இவள் சொன்னதை அந்தப் பக்கம் வாயில் சொன்னேன்.

அப்புறம் ஆபிதா பீவி மெதுவாகக் கேட்டாள். "தப்பா நெனைக்காதீங்க. மனசுல வச்சுக்கிட்டுப் பேசாம இருக்க எனக்குத் தெரியாது. நாளைக்குப் பொறக்குத பிள்ளையும் இப்படியே இருந்துட்டா என்ன செய்ய?"

என்ன கேட்டார்கள் என்று முஃபீதா புருவத்தைத் தூக்கினாள். நான் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல், அப்படியே. அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

அப்போது ஷமீம் மாமி பக்கம் திரும்பிச் சட்டென்று சொன்னான். "இருந்தா என்ன மாமி? வீட்ல ரெண்டு பேரு கையால பேசப்போறோம். மூணாவதா அதுவும் பேசிட்டுப் போகுது."

முஃபீதாவுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. என்னைப் பார்த்தாள்.

என் கை எழுந்தது. எழுந்து, பக்கத்தில் இருந்த ரோஸ்மில்க் டம்ளரை எடுத்துக்கொண்டது.

அவ்வளவுதான். நூர்முகம்மது மழையைப் பற்றி ஏதோ ஆரம்பித்துவிட்டார். ஷமீம் திரும்பினான். தான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்து அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளோ, மாமி அப்படி ஒரு கேள்வியைக் கேட்டும் ஒரு பதிலும் சொல்லாமல் சிரிக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறந்துவிட்டேன் என்று எழுதலாம். வாய் காய்ந்துபோயிற்று என்று எழுதலாம். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப்போவதில்லை, பிறகு எதற்கு? தெரிந்துதான் விட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

யோசிக்காமல் சட்டென்று சொல்கிறவனை எப்படி நம்புவது? அதனால்தான் விட்டேன். — விடிந்ததிலிருந்து இது நாலாவது காரணம்.

ஜூலை 17, வியாழன்

முஃபீதா மத்தியானமே வந்துவிட்டாள். லீவு போட்டாளாம். கண் வீங்கியிருந்தது.

"முடிஞ்சுபோச்சு. அவன் நம்பரை பிளாக் பண்ணிட்டேன். அவன் மாமி கேட்டதுக்கு அவன் வாயே திறக்கல. என்னைப் பார்த்துச் சிரிச்சான். நீங்க பார்த்தீங்கல்லா?"

பார்த்தேன் என்று தலையாட்டினேன். ஆமாம். பார்த்தேன்.

என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் அழும்போது வருகிற சத்தம் அவளுக்கே தெரியாது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். தோசை வார்த்துக் கொடுத்தேன், இரண்டு சாப்பிட்டாள். இன்றுதான் சொல்ல வேண்டிய நாள். சொல்லவில்லை. அவள் மறுபடி என்னிடம் வந்திருந்தாள். வெட்கமாக இருக்கிறது இதை எழுத: எனக்கு அது பிடித்திருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

நூர்முகம்மது போன் செய்தார். "பையன் நல்லாத்தானே பேசினான். இவளுக்கு என்ன கோளாறுன்னு தெரியல. நாங்க கேட்டா ரூம்ல போயிப் படுத்துக்கிடுதா. நீங்கதான் டீச்சர் கேட்டுச் சொல்லணும்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 24, வியாழன்

பதினோரு மணிக்கு வாசலில் ஷமீம். மழையில் நனைந்திருந்தான். இவர்தான் கூப்பிட்டு உட்கார வைத்துத் துண்டு கொடுத்தார். நான் காப்பி போட்டு எடுத்து வந்தேன். டம்ளரைக் கையில் வைத்தானே தவிர குடிக்கவில்லை.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். பிரஸ்ஸுக்குப் போயி அவ முன்னால நின்னேன். கண்ணை மூடிக்கிட்டா. கண்ணை மூடிட்டா அதுக்கு மேல நான் எப்படிப் பேச? மாமி கேட்டது தப்புதான். அதுக்குத்தான் நான் பதில் சொல்லிட்டேனே."

"நீ சொன்னது அவளுக்குத் தெரியாது," என்றேன்.

புரியாமல் பார்த்தான்.

"நான் சொல்லல. மாமி கேட்டதைச் சொன்னேன். நீ சொன்னதைச் சொல்லல."

இவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"மறந்துட்டீங்களா?"

இல்லை என்றேன். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. டம்ளரை அப்படியே தரையில் வைத்தான். "அவளுக்குக் காது நீங்கதானே டீச்சர்," என்று மட்டும் சொன்னான். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி, "நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. உங்களைத்தான் நம்புவா."

அவன் போனதும் இவர் டம்ளரை எடுத்துக்கொண்டுபோய் அடுக்களையில் வைத்தார். பிறகு, "நாளைக்கு நானும் வரட்டுமா லேகா?" என்றார். வேண்டாம் என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

பிரஸ்ஸுக்குப் பின்னால் காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கும் சந்தில் வைத்துச் சொன்னேன். சாப்பாட்டு நேரம். அவன் சொன்ன வாக்கியத்தை முழுதாகச் சொன்னேன். "இருந்தா என்ன. வீட்ல ரெண்டு பேரு கையால பேசப்போறோம். மூணாவதா அதுவும் பேசிட்டுப் போகுது." பன்னிரண்டு நாள் தாமதமாக. பிறகு, நான் தெரிந்தே விட்டேன் என்பதையும் சொன்னேன்.

அவள் முகம் முதலில் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன், அது எனக்குப் போதும். பிறகு அந்த முகம் மாறியது.

"எத்தனை தடவை?"

"எது?"

"இதுக்கு முன்னாடி. இப்படி எத்தனை தடவை?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்ல முடியவில்லை. அவளுக்குப் பத்து வயதில் அவள் பெரியம்மா, 'இதுக்குப் பதிலா ஒரு கன்னுக்குட்டி பொறந்திருந்தாலும் பிரயோசனம்' என்று சொன்னதை, 'நல்லாப் படிக்கியான்னு கேக்கா' என்று மாற்றிச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த அன்று பிரஸ் முதலாளி, 'காது கேக்காதது ஒரு வகையில நல்லதுதான், அரட்டை இருக்காது' என்று சொன்னதை விட்டுவிட்டேன். இன்னும் இருக்கும், நினைவில் இல்லை. "எல்லாம் உனக்கு வலிக்கக்கூடாதுன்னுதான்," என்றேன்.

அவள் கை ரொம்ப மெதுவாகப் பேசியது, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி.

"அதெல்லாம் எனக்கு வந்தது. வலிச்சாலும் என்னோடது. நீங்க யாரு எடுத்துக்க?"

நான் பதில் சொல்லக் கையைத் தூக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வரவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

நூர்முகம்மது. "அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை சரின்னுட்டா டீச்சர். நவம்பர்ல வச்சிருவோம்னு பேசிட்டோம். நீங்க என்ன சொன்னீங்களோ தெரியல, உங்களை மறக்கவே மாட்டோம்."

இந்த நன்றியை வாங்கிக்கொண்டு போனை வைத்துவிடலாம்தான். அவரிடமும் சொன்னேன்.

"பிள்ளை மேல உள்ள பாசத்துல..." என்று ஆரம்பித்தார்.

"பாசம் மட்டுமில்ல," என்றேன். "இன்னொருத்தன் வந்து அவகூடப் பேசக் கத்துக்கிட்டது எனக்குப் பொறுக்கல."

இவ்வளவு நேராக இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

ஆகஸ்ட் 30, சனி

ரைஹானத் போன். முதலில் கோபமாகப் பேசினாள், பிறகு கோபம் தீர்ந்து சிரிப்பு வந்துவிட்டது. "உங்களைக் கூப்பிடக்கூடாதாம். எங்கிட்டப் பேசணும்னா நீயே கை படிங்கா. அம்பது வயசுல எனக்கு விரல் மடங்குதா? தெனமும் சாயங்காலம் அடுப்படியில உக்கார வச்சுப் பாடம் நடக்கு. தப்பாப் போட்டா கையில ஒரு அடி வேற. நேத்து அவ கேக்கா டீச்சரம்மா — சின்ன வயசுல அவளுக்கு எதைக் கண்டா பயம்னு. நான் சொன்னேன். நானே கையால சொன்னேன். ஒன்னயக் குளுப்பாட்டுத சொம்பக் கண்டா நீ பயப்படுவேன்னு. அவ விழுந்து விழுந்து சிரிச்சா."

எனக்குத் தெரியாது அந்தச் சொம்பு விஷயம்.

இருபத்தோரு வருஷத்தில் ரைஹானத்தை உட்கார வைத்து நான் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்திருக்கலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். நானே சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது. இனிப்பாகவும் இருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

வரவில்லை. சீனியவரைக்காய்ப் பருப்பு உசிலி. இவருக்கு லேசாக இருமல்.

அக்டோபர் 12, ஞாயிறு

வந்தாள்.

கதவைத் திறந்தபோது வாசலிலேயே நின்றாள். மெலிந்திருக்கிறாள். கையில் பத்திரிகை, அவளே வடிவமைத்தது. வெள்ளை அட்டை, ஓரத்தில் பச்சையில் ஒரே ஒரு கொடி. உள்ளே வா என்று சைகை செய்தேன். வந்து உட்கார்ந்தாள். இவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"கோவம் போகல," என்றாள்.

"சரி."

"ஆனா நீங்க இல்லாம எனக்குக் கல்யாணம் இல்ல. வரணும். வந்து சும்மா உட்காரணும். யாருக்காகவும் பேசக்கூடாது."

"சரி."

"மாமாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. உங்களுக்குத் தனியாச் சைவச் சாப்பாடு சொல்லியிருக்கு."

போகும்போது வாசற்படியில் நின்று என் கன்னத்து மச்சத்தை ஒரு விரலால் தொட்டாள். தன் கன்னத்தை அல்ல, என் கன்னத்தை. பிறகு வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

இரவெல்லாம் பெய்து காலையில் வெறித்துவிட்டது. ஆட்டோவில் மேலப்பாளையம் போய்ச் சேரும்போது பத்தரை. இவர் ஆண்களோடு பள்ளிவாசல் பக்கம் போனார், நான் வீட்டுக்குள் பெண்கள் இருந்த அறைக்கு. சுவர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தேன். முஃபீதா கிளிப்பச்சைப் பட்டில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணால் ஒரு சிரிப்பு.

நிக்காஹுக்கு முன் பெண்ணிடம் சம்மதம் கேட்க நூர்முகம்மதுவும் இரண்டு சாட்சிகளும் அறை வாசலுக்கு வந்தார்கள். சாட்சியாக வந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "டீச்சர்தான் இருக்காங்கள்லா, அவங்க கேட்டுச் சொல்லட்டும்," என்றார். அறையில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நான் கேக்கேன்," என்றாள் ரைஹானத்.

மகளுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் இரண்டு விரலால் ஒரு கோடு போட்டாள், ஷமீம். கல்யாணம் என்று காட்டினாள், சரியாகத்தான் இருந்தது. கடைசிச் சைகை தப்பாகிவிட்டது. ஷமீமைக் கல்யாணம் செய்ய உனக்குப் பசிக்குதா என்று கேட்டுவிட்டாள்.

என் கை மடியிலிருந்து எழுந்துவிட்டது. மற்றக் கையால் பிடித்து அமர்த்திக்கொண்டேன்.

முஃபீதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மருதாணிக் கையால் உம்மாவின் கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கிச் சரிசெய்து விட்டாள். ரைஹானத் மறுபடி முதலிலிருந்து கேட்டாள். இந்த முறை சரி. முஃபீதா அவளையே பார்த்து, அவளுக்குப் புரிகிற வேகத்தில் பதில் சொன்னாள்.

ரைஹானத் வாசல் பக்கம் திரும்பினாள். "சம்மதம்ங்கா," என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டில் ஆபிதா பீவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டீச்சர், இந்தப் பிள்ளைகிட்ட 'இன்னும் கொஞ்சம் சாப்பிடு'ன்னு சொல்ல கைய எப்படி வைக்கணும்? ஒருக்கக் காட்டுங்களேன்."

"அவகிட்டயே கேளுங்க," என்றேன். "நல்லாச் சொல்லிக்குடுப்பா."

அவள் எழுந்து மணப்பெண் இருந்த பக்கம் போனாள். நான் இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன்.